கதைக்குப் பக்கத்தில் சட்டம்: பதின்பருவத்தினர் குடிமையும் சமூகநீதியும் வாசிக்க ஒரு வழி

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவரை அவருடைய பள்ளி மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு தமிழக அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு அமைத்தது. பள்ளி, கல்லூரிகளில் சாதி மோதலைத் தடுக்கும் வழிகளைச் சொல்ல வேண்டும் என்பது குழுவுக்கு இடப்பட்ட பணி. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. மாணவர்கள் கையில் சாதிக்கொரு நிறமாகக் கட்டும் கயிறுகளைத் தடை செய்வது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிச் சொற்களை நீக்குவது முதலியவை அதன் பரிந்துரைகளில் அடங்கும்.

வெட்டியவர்கள் கையிலும் தமிழக அரசின் பாடநூல்தான் இருந்தது. தீண்டாமை பாவம், குற்றம், மனிதத்தன்மையற்றது என்று சொல்லும் வாசகம் அந்த நூல்களின் முகப்பிலேயே அச்சாகி வருகிறது. முதல் வகுப்பிலிருந்து ஆண்டுதோறும் அந்தப் பக்கத்தைப் புரட்டித்தான் அவர்கள் பாடத்துக்குள் போயிருப்பார்கள். வாசகம் சரியானதுதான். ஆனால் தீண்டாமை ஒரு தெருவில், ஒரு கடையில், ஒரு அலுவலகத்தில் எப்படி நடக்கிறது என்பதை ஒரு வாசகம் காட்டாது. யார், எந்த மனுவால், எந்த வழக்கால், எத்தனை ஆண்டில் அதை எதிர்த்து எதை வென்றார்கள் என்பதையும் அது சொல்லாது. அந்த இரண்டையும் சேர்த்துக் காட்டும் நூல்கள் நம்மிடம் இருக்கின்றன. பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயதுக்குள் அவை பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதும், எப்படிச் சேர்ப்பது என்பதும்தான் இந்தக் கட்டுரையின் பொருள்.

பாடநூல் நின்றுவிடும் இடம்

குடிமையியல் பாடத்தில் சட்டம் வருகிறது, மனிதர் வருவதில்லை. அடிப்படை உரிமைகள் எத்தனை, எந்தத் திருத்தம் எந்த ஆண்டு என்று மாணவர் மனப்பாடம் செய்கிறார். தேர்வு முடிந்ததும் அது போய்விடுகிறது. ஒரு சட்டப் பிரிவு யாருடைய எந்த அவமானத்துக்கு விடையாக எழுதப்பட்டது என்பது தெரியாதபோது, அதை நினைவில் வைத்துக்கொள்ள அவருக்குக் காரணமே இல்லை.

பரிசளிப்பு விழாக்களில் நாம் கொடுக்கும் தலைவர் வரலாறுகளில் நேர்மாறாக மனிதர் வருகிறார், சட்டம் வருவதில்லை. தொடக்கத்தில் துன்பம், முடிவில் வெற்றி. நடுவில் நடந்த கூட்டம், தீர்மானம், கையெழுத்து வேட்டை, நீதிமன்றப் படி, தோற்றுப்போன முதல் முயற்சி எதுவும் இருப்பதில்லை. படித்து முடித்த பிள்ளைக்குத் தலைவர் மீது மரியாதை வரும். தன் தெருவில் ஒன்று நடந்தால் என்ன செய்வதென்று தெரியாது.

1989-இல் நடைமுறைக்கு வந்த 61-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வாக்குரிமை வயதை 21-லிருந்து 18 ஆக்கியது. பள்ளிப் படிப்பு முடிவதும் வாக்குரிமை தொடங்குவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில். அதனால் இந்த ஐந்தாறு ஆண்டுகள் மிக முக்கியமானவை. இந்த வயதுக்கு நான் பரிந்துரைப்பது இணை வாசிப்பு: ஒரு வாழ்க்கையைச் சொல்லும் நூலும், அந்த வாழ்க்கையைத் தொட்ட ஒரு பொது ஆவணமும். ஆவணம் என்பது சட்டப் பிரிவாக இருக்கலாம், தீர்ப்பாக இருக்கலாம், அரசாணையாக இருக்கலாம். பெரும்பாலும் ஓரிரு பக்கம் போதும். இரண்டையும் ஒரே வாரத்தில் படிக்க வேண்டும்.

மாட்டுவண்டியும் 15(2)-உம்

முதல் இணை அம்பேத்கரின் சிறுவயதிலிருந்து. ஆங்கிலத்தில் அவர் எழுதி வைத்த தன்வரலாற்றுக் குறிப்புகள், ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற பொருள்படும் தலைப்பில் அறியப்படுகின்றன. சில பத்துப் பக்கங்கள்தான். அதன் முதல் பகுதி 1901-இல் நடக்கிறது. சாத்தாராவிலிருந்து கோரேகானில் வேலை பார்க்கும் தந்தையைப் பார்க்கச் சிறுவர்கள் தனியே ரயிலேறுகிறார்கள். அம்பேத்கருக்கு ஒன்பது வயதுபோல. புதுச் சட்டை, சரிகைத் தொப்பி, பட்டுக்கரை வேட்டி. மசூர் நிலையத்தில் இறங்கினால் அழைத்துப்போக யாரும் வரவில்லை. நிலைய அதிகாரி அன்பாக விசாரிக்கிறார். மகர் சாதி என்று தெரிந்ததும் அவர் முகம் மாறுகிறது. இரட்டைக் கூலி தருவதாகச் சொல்லியும் வண்டிக்காரர்கள் மறுக்கிறார்கள். கடைசியில் ஒருவர் ஒப்புக்கொள்கிறார். நிபந்தனை ஒன்று: வண்டியைச் சிறுவர்களே ஓட்ட வேண்டும், அவர் பக்கத்தில் நடந்து வருவார். கூலி இரட்டிப்பு, உழைப்பும் கூலி கொடுத்தவருடையது. இரவு சுங்கச்சாவடியில் தண்ணீர் கேட்கிறார்கள். முஸ்லிம் என்று சொல்லிப் பார்த்தும் கிடைக்கவில்லை. சோற்று மூட்டை கையில் இருந்தும் தண்ணீர் இல்லாமல் பசியோடு படுக்கிறார்கள்.

இதே நிகழ்வைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் கொண்டுசேர்க்கும் நூல் ‘பீமாயணம்’. 2011-இல் நவயானா வெளியிட்ட இந்தச் சித்திர நூலை ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுத, மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்தார்கள். படக்கதைக்கு வழக்கமான சதுரக் கட்டங்கள் இதில் இல்லை. கோண்டுக் கோலங்கள் பக்கத்தைப் பிரிக்கின்றன. கனிவான பேச்சு பறவை வடிவில் வருகிறது. நச்சுப் பேச்சுக்குத் தேள்கொடுக்கு வால். எந்தச் சொல் கொட்டுகிறது என்பதைப் பிள்ளை கண்ணாலேயே பார்த்துவிடும்.

இதன் பக்கத்தில் வைக்க வேண்டியது அரசியலமைப்பின் 15-ஆவது உறுப்பின் இரண்டாம் பிரிவு. அரசியலமைப்பின் மொழி பெரும்பாலும் பொதுவானது. ஆனால் இந்தப் பிரிவு கடை, உணவு விடுதி, தங்கும் விடுதி, கிணறு, குளம், படித்துறை, சாலை என்று இடம் இடமாகப் பெயர் சொல்லி, சாதியின் பேரால் யாரையும் அங்கிருந்து தடுக்கக் கூடாது என்கிறது. ஒரு நாட்டின் தலையாய சட்டத்தில் படித்துறை என்ற சொல் ஏன் வந்தது என்று மாணவரைக் கேளுங்கள். வண்டிப் பயணத்தை வாசித்தவர் உடனே சொல்லிவிடுவார்: ஆட்களை விரட்டிய இடங்களின் பட்டியல் இது.

அடுத்த கேள்வியும் தானாக வரும்: சட்டம் எழுதிவிட்டால் போதுமா? அதற்கு விடை மகாத் குளம். பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923-இல் தீர்மானம் போட்டது. மகாத் நகராட்சியும் 1924-இல் தன் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. ஆனாலும் யாரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய், சவுதார் எனப்படும் அந்தக் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். தாக்குதல் நடந்தது, குளம் ‘தூய்மை’ செய்யப்பட்டது, வழக்கு தொடரப்பட்டது. 1937-இல்தான் பம்பாய் உயர் நீதிமன்றம் தீண்டப்படாதோர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தீர்மானம் போட்டதிலிருந்து பதினான்கு ஆண்டுகள். தீர்மானம், நடைபயணம், வழக்கு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு குளம் திறக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் குடிமைப் பாடத்தை நான் பார்த்ததில்லை.

நூலில் தொங்கும் பொட்டலம்

பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தது. மூன்றாம் வகுப்புச் சிறுமி பள்ளி விட்டு வீடு திரும்பும் காட்சி ஒன்று அதில் உண்டு. தெருவில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தை, அதைக் கட்டியிருக்கும் நூலில் பிடித்துத் தொங்கவிட்டபடி நடந்து வருகிறார். பொட்டலத்தின் மேல் கை படவில்லை. அப்படியே கொண்டுபோய் நிலக்காரரிடம் குனிந்து நீட்டுகிறார். சிறுமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் வேடிக்கையாகச் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. கை பட்டால் பண்டம் தீட்டாகிவிடும் என்பதற்காகத்தான் அப்படி, என்று அவர் விளக்கிய பிறகு சிறுமிக்குச் சிரிப்பு நின்று கோபம் வருகிறது.

பதினைந்து வயது வாசகருக்கு இந்தக் காட்சி முக்கியம். பார்த்துப் பழகியதன் உள்ளே ஒரு விதி இருக்கிறது என்று ஒரு குழந்தை கண்டுபிடிக்கும் நேரம் அது. இதைப் படித்த மாணவர் தன் ஊரில் தேநீர்க் கடையையும், கோயில் வாசலையும், சுடுகாட்டுப் பாதையையும் வேறு கண்ணோடு பார்ப்பார். ஆதிக்க சாதியில் பிறந்த பிள்ளைக்கு இந்த நூல் இன்னும் கூடுதலாகத் தேவை. தன் வீட்டுப் பெரியவர்கள் எந்தப் பக்கத்தில் நின்று பொட்டலத்தை வாங்கினார்கள் என்ற கேள்வியை அது மெல்ல எழுப்பும்.

பாமா கத்தோலிக்கர். கன்னியராகச் சேர்ந்து, பின்னர் மடத்திலிருந்து வெளியே வந்தவர். திருச்சபைக்குள்ளும் சாதி இருந்ததை ‘கருக்கு’ நேராகச் சொல்கிறது. எனவே இதன் இணை ஆவணம் 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை. இந்து மதத்தைச் சேராதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது அதன் மூன்றாம் பத்தி. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகள் இன்றும் வெளியே. மதம் மாறினால் சாதி போய்விடுகிறது என்று ஆணை எடுத்துக்கொள்கிறது. போகவில்லை என்று நூல் சாட்சி சொல்கிறது. இரண்டையும் படித்த மாணவர்களை இரு அணியாக்கி விவாதிக்க விடலாம். இட ஒதுக்கீடு பற்றி வாட்ஸ்அப்பில் வருவதை மட்டும் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு, மூல ஆவணத்தைக் கையில் வைத்து வாதாடும் பழக்கம் அங்கே தொடங்கும்.

பதினைந்து வயதில் ஒரு வழக்கு

பிற நாட்டு நூல்களில் நான் முதலிடம் கொடுப்பது பிலிப் ஹூஸ் எழுதிய கிளாடெட் கால்வின் வரலாற்றுக்கு. 2009-இல் வெளிவந்து, இளையோர் பிரிவில் அமெரிக்கத் தேசியப் புத்தக விருது பெற்றது. ஆங்கில நடை எளிது; பத்தாம் வகுப்பு மாணவர் அகராதியோடு படித்துவிடலாம்.

அலபாமா மாநிலம் மாண்ட்கோமரியில் 1955 மார்ச் 2 அன்று, பள்ளி விட்டு வந்த பதினைந்து வயது கிளாடெட், வெள்ளைப் பெண்ணுக்காகப் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்தார். காவலர்கள் இழுத்துப்போய்க் கைது செய்தார்கள். ரோசா பார்க்ஸ் கைதானது அதற்கு ஒன்பது மாதம் கழித்து, டிசம்பர் 1 அன்று. உலகம் அறிந்தது ரோசா பார்க்ஸின் பெயரை. இயக்கத் தலைவர்கள் கிளாடெட்டை முன்னிறுத்தத் தயங்கினார்கள்: சின்னப் பெண், ஏழை வீடு, பின்னர் கருவுற்றிருந்தார். ஒரு நல்ல இயக்கம்கூடத் தனக்கு ஏற்ற முகத்தைத் தேடும், அப்போது சிலர் ஓரமாகத் தள்ளப்படுவார்கள் என்ற கசப்பான உண்மையை ஹூஸ் மறைக்கவில்லை.

பேருந்துப் பிரிவினையைச் சட்டப்படி முறித்த ‘ப்ரௌடர் எதிர் கேயில்’ வழக்கில் ரோசா பார்க்ஸ் வாதி இல்லை. நான்கு வாதிகளில் ஒருவர் கிளாடெட். 1956 மே மாதம் கூட்டாட்சி நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். ஜூனில் மூன்று நீதிபதிகளில் இருவர் பிரிவினை சட்டவிரோதம் என்றார்கள். நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 381 நாள் பேருந்துப் புறக்கணிப்பு டிசம்பரில் முடிவுக்கு வந்தது. தெருவில் மக்கள் நடந்ததும் நீதிமன்றத்தில் நான்கு பெண்கள் நின்றதும் சேர்ந்துதான் அந்த வெற்றி. மகாத் குளத்தைப் படித்த மாணவர் இங்கே அதே அமைப்பை அடையாளம் காண்பார். இரு நாடுகள், இரு காலங்கள். வழி மட்டும் ஒன்றுபோல இருப்பது அவருக்கே தெரிய வரும்.

கூடவே படிக்க ‘மார்ச்’. பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் லூயிஸ் தன் போராட்ட வாழ்க்கையை ஆண்ட்ரூ அய்டினோடு சேர்ந்து எழுத, நேட் பவல் வரைந்த மூன்று பாகச் சித்திர நூல். 2013-க்கும் 2016-க்கும் இடையில் வந்தது. மாணவர்கள் ஒருவரையொருவர் திட்டி, தள்ளி, எதிர்த்து அடிக்காமலிருக்கப் பயிற்சி எடுக்கும் பக்கங்கள் அதில் உண்டு. அறவழிப் போராட்டம் பிறவிக் குணம் என்று நினைக்கும் பிள்ளைக்கு, அது ஒத்திகை பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை என்று இந்தப் பக்கங்கள் புரியவைக்கும்.

குடியுரிமை பறிபோகும்போது

குடியுரிமை என்பது கையில் இருக்கும்வரை தெரியாத ஒன்று. அது இல்லாமல் போனவர்களின் கதையைப் படித்தால்தான் அதன் எடை தெரியும். ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைப் பலரும் ஒளிந்து வாழ்ந்த சிறுமியின் மனக்குறிப்பாக மட்டும் வாசிக்கிறார்கள். அவர் நாடற்றவர் என்பது பலருக்குத் தெரியாது. 1929-இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் பிறந்தவர். 1935-இன் நியூரம்பெர்க் சட்டங்கள் யூதர்களின் குடிமை உரிமைகளைப் பறித்தன. 1941 நவம்பரில் வந்த ஆணை, வெளிநாட்டில் வாழும் ஜெர்மானிய யூதர்களின் குடியுரிமையையே ரத்து செய்தது. ஆம்ஸ்டர்டாமில் இருந்த பன்னிரண்டு வயது ஆன், ஒரு குற்றமும் செய்யாமல், ஒரு காகிதத்தால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவரானார். போர் முடிந்ததும் டச்சுக் குடிமகளாக வேண்டும் என்று அவர் நாட்குறிப்பில் ஆசைப்படுவது அதனால்தான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1944 மார்ச்சில், மக்கள் தங்கள் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் பாதுகாத்து வைக்கும்படி நெதர்லாந்தின் நாடுகடந்த அரசின் அமைச்சர் வானொலியில் கேட்டுக்கொண்டார். அதைக் கேட்ட ஆன் தன் குறிப்புகளை நூலாக்கும் எண்ணத்தோடு திருத்தி எழுதத் தொடங்கினார். பதினான்கு வயதில் அவர் தன்னை வரலாற்றின் சாட்சியாக நினைத்துக்கொண்டார். ஆகஸ்ட் 4 அன்று பிடிபடும்வரை அந்த வேலை நடந்தது.

இதே பாடம் தமிழருக்கு மிக அருகிலும் நடந்தது. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்கள் 1947 தேர்தலில் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பேர் நாடாளுமன்றம் சென்றார்கள். 1948-இன் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இலங்கையில் பிறந்தார், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தார்கள் என்று காட்ட வேண்டும். லயன் எனப்படும் தோட்டக் குடியிருப்பு அறையில் பிறந்தவர்களின் பாட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? 1949-இல் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் அவர்கள் சார்பில் ஒருவர்கூட வரவில்லை. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதியிருந்த 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை தரும் சட்டம் வர 2003 ஆனது.

1947-இல் அப்படித் தேர்வான உறுப்பினர்களில் ஒருவர், தலவாக்கலையிலிருந்து சென்ற எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை. அவருடைய ‘நாடற்றவர் கதை’யை 1948 சட்டத்தின் அந்த ஒரு விதியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மாணவருக்கு ஒரு வீட்டுவேலையும் கொடுக்கலாம்: உங்கள் அப்பாவின் தாத்தா எந்த ஊரில் பிறந்தார், அதற்கு என்ன சான்று இருக்கிறது என்று வீட்டில் கேட்டு வாருங்கள். பெரும்பாலான வீடுகளில் காட்ட ஒன்றுமே இருக்காது. குடியுரிமைச் சட்டத்தின் ஒரு வரி என்ன செய்ய முடியும் என்பது அப்போது புத்தகத்துக்கு வெளியே வந்துவிடும்.

தோட்டத்து வாழ்க்கையை இந்தியப் பக்கத்திலிருந்து காட்டுவது ‘எரியும் பனிக்காடு’. தோட்ட மருத்துவராக இருந்து தொழிற்சங்கமும் நடத்திய பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், இரா. முருகவேள் தமிழாக்கினார். கங்காணி கொடுக்கும் முன்பணத்தை நம்பி ஆனைமலைக்குப் போகும் கருப்பனும் வள்ளியும் கணக்கு தீராமல் அங்கேயே சிக்கிக்கொள்கிறார்கள். குடியிருப்பு, மருத்துவம், குடிநீர் ஆகியவற்றைக் கட்டாயமாக்கிய 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை இதன் பிறகு படித்தால், ஒவ்வொரு பிரிவின் பின்னாலும் நாவலின் ஒரு பக்கம் நிற்பது தெரியும்.

பதினேழு வயதுக்கு மேல்

மேல்நிலை வகுப்பு மாணவருக்குச் சிக்கலான நூல்களைத் தரத் தயங்கக் கூடாது. தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘தோட்டியின் மகன்’ மலையாளத்தில் 1947-இல் வந்தது. தமிழில் சுந்தர ராமசாமி மொழிபெயர்த்தார். ஆலப்புழையில் மலம் அள்ளும் தமிழ்க் குடும்பத்தின் மூன்று தலைமுறை. சுடலைமுத்து தன் மகன் தோட்டியாகக் கூடாது என்று வைராக்கியம் எடுக்கிறான். காசு சேர்க்கிறான், மகனுக்கு மோகன் என்று பெயர் வைக்கிறான். அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டே நகராட்சி அதிகாரம் அவனைத் தன் கூட்டத்தாருக்கு எதிராகத் திருப்புகிறது. தனியாக மேலேற நினைத்தவன் ஏன் தோற்றான் என்பது மாணவர்கள் நீண்ட நேரம் பேச வேண்டிய கேள்வி. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993-இல் வந்தது. 2013-இல் விரிவான சட்டம் வந்தது. கழிவுநீர்க் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. இழப்பீடு ஏறுகிறது என்றால் சாவு நிற்கவில்லை என்று பொருள். அதைப் பதினேழு வயதில் ஒருவர் புரிந்துகொள்ள வேண்டும்.

கீழவெண்மணியும் இந்த வயதுக்குத்தான். 1968 டிசம்பர் 25 இரவு கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் சேரியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இதை நாவலாக்கிய இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கூலிப் பிரச்சினையை நிலக்கிழாரின் தனிமனிதக் குறைபாட்டுக்குள் கொண்டுபோய்விட்டது என்ற கடும் விமர்சனத்தையும் சந்தித்தது. சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ அதே நிகழ்வைத் தொழிலாளர் பக்கத்திலிருந்து சொல்கிறது. மூன்றாவதாக, குற்றம்சாட்டப்பட்ட நிலக்கிழார்களை விடுவித்த 1973-ஆம் ஆண்டுச் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு. செல்வந்தர்களான அவர்களே நேரில் நடந்துபோய் இதைச் செய்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற வகையில் அது வாதிட்டது. ஒரு நிகழ்வு, மூன்று எழுத்து. எது எதை விட்டுவிட்டது, யார் குரல் எங்கே இல்லை என்று தேடக் கற்றுக்கொண்டவர் வரலாற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டவர்.

இந்த வரிசையில் கடைசியாக அம்பேத்கரின் ‘சாதி ஒழிப்பு’. லாகூரின் ஜாத்–பாத் தோடக் மண்டல் 1936-இல் அவரைத் தலைமையுரைக்கு அழைத்து, உரையைப் பார்த்து அஞ்சி மாநாட்டையே கைவிட்டது. அவர் அதைச் சொந்தச் செலவில் நூலாக்கினார். வெகுவிரைவில் பெரியாரின் குடிஅரசு வழியாகத் தமிழுக்கும் வந்தது. காந்தி ‘ஹரிஜன்’ இதழில் மறுப்பு எழுத, மறு பதிப்பில் அந்த மறுப்பையும் தன் பதிலையும் அம்பேத்கர் சேர்த்தே அச்சிட்டார். எதிர்வாதத்தைத் தன் நூலிலேயே முழுதாகப் போட்டுவிட்டுப் பதில் சொல்லும் அந்த நேர்மையே மாணவருக்கு ஒரு பாடம்.

‘இது பிள்ளைகளுக்குத் தாங்காது’

இப்பட்டியலைப் பார்க்கும் பெற்றோரும் ஆசிரியரும் முதலில் சொல்வது இதுதான். இந்த அச்சம் உலகெங்கும் இருக்கிறது. யூத இனப்படுகொலை பற்றிய ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மவுஸ்’ புலிட்சர் பெற்ற நூல். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு மாவட்டப் பள்ளி வாரியம் சில சொற்களையும் ஒரு படத்தையும் காரணம் காட்டி அதை எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து எடுத்தது. 2021 ஆகஸ்டில் டெல்லி பல்கலைக்கழகம் பாமா, சுகிர்தராணி, மகாசுவேதா தேவி ஆகியோரின் படைப்புகளை ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. அங்கே மாணவர்கள் வயது வந்தவர்கள். பிள்ளைகளின் மென்மை என்ற காரணத்தைக்கூட அங்கே சொல்ல முடியாது.

வயதுக்கு ஏற்ற அளவு வேண்டும் என்பதை நான் ஏற்கிறேன். பதின்மூன்று வயதுக்கு ‘பீமாயணம்’, பதினைந்துக்கு ‘கருக்கு’, கிளாடெட், ‘மார்ச்’, ஆன் ஃபிராங்க், பதினேழுக்கு மற்றவை. வெண்மணியைச் சிறு பிள்ளைகளிடம் கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் கையில் நிறக் கயிறு கட்டிக்கொண்டு வகுப்புக்கு வரும் பிள்ளைக்குச் சாதி ஏற்கெனவே தெரியும். வீட்டிலும் தெருவிலும் கைபேசியிலும் அது பெருமையாகவோ அவமானமாகவோ அவரிடம் வந்து சேர்ந்துவிட்டது. அதைச் சரியாகப் பெயரிட்டுச் சொல்லும் நூல்தான் வந்து சேரவில்லை. நல்ல நூலை நாம் தடுக்கும்போது கெட்ட பாடம் மட்டும் தடையில்லாமல் நடக்கிறது.

இன்னொரு கவலை நியாயமானது. ஒரே வகுப்பில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ‘கருக்கு’ வாசிக்கும்போது எல்லாப் பார்வையும் ஒரு பிள்ளை மேல் திரும்பக் கூடாது. அதற்கு இணை வாசிப்பே ஓரளவு காவல். பக்கத்தில் ஓர் ஆவணம் இருந்தால் பேச்சு ஆளைவிட்டு விதிக்குப் போகும். ‘உன் வீட்டில் எப்படி’ என்று கேட்க வேண்டிய தேவை இல்லை. ‘இந்த ஆணை சரியா’ என்று கேட்கலாம். தன் அனுபவத்தைச் சொல்ல விரும்பும் பிள்ளை தானாகச் சொல்லும். அதைக் கேட்டு வாங்கும் உரிமை ஆசிரியருக்கு இல்லை.

எப்படித் தொடங்குவது

இதற்குப் புதிய திட்டமோ பெரிய பணமோ வேண்டாம். 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம் வழியாகச் சொத்து வரியோடு நூலக வரி கட்டிவரும் மாநிலம் இது. மாவட்ட நூலகங்களும் கிளை நூலகங்களும் மக்கள் பணத்தில் நடக்கின்றன. பதின்பருவத்தினருக்கு என்று ஒரு தனி அடுக்கை அங்கே கேட்டு வாங்கலாம். இப்போது அவர்கள் சிறுவர் கதைகளுக்கும் போட்டித் தேர்வு வழிகாட்டிகளுக்கும் நடுவே நிற்கிறார்கள். அந்த அடுக்கில் ஒவ்வொரு நூலுக்குள்ளும் அதன் இணை ஆவணத்தின் ஓரிரு பக்க நகலை மடித்து வைத்துவிட்டால், வாசிக்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகவே கிடைக்கும். அரசியலமைப்பின் தமிழ்ப் பதிப்பு அச்சிலும் இணையத்திலும் இருக்கிறது. தீர்ப்புகளில் தேவையான பகுதியை ஒரு வழக்கறிஞரோ சட்டக் கல்லூரி மாணவரோ எளிய தமிழில் ஒரு பக்கமாக எழுதித் தரலாம்.

பள்ளியில் வாரம் ஒரு நூலகப் பாடவேளை அட்டவணையில் இருக்கிறது. அது கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடாமல் காத்தாலே போதும். ஒரு வாரம் கதையை உரக்க வாசிப்பது, மறுவாரம் ஆவணத்தை வரி வரியாகப் பார்ப்பது, மூன்றாம் வாரம் ஒரு கேள்வி, நான்காம் வாரம் ஊரில் உள்ள ஓர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம். பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று உள்ளாட்சிக்கு எழுதும் மனுவும் அந்தக் கடிதமாக இருக்கலாம். பதில் வந்தாலும் வராவிட்டாலும் இரண்டும் பாடமே. மகாத்தில் பதினான்கு ஆண்டு காத்தவர்களைப் படித்த பிள்ளை, ஒரு மாதத்தில் பதில் வராததற்காகச் சோர்ந்துபோகாது. அடுத்த மனு எழுதும்.

சமூகநீதியை நல்ல குணமாக மட்டும் கற்பித்தால், நல்லவராக இருந்தால் போதும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். நாம் மதிக்கும் உரிமை ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் அவமானப்பட்டு, அதைச் சொல்லி, மற்றவர்களைச் சேர்த்து, எழுத்தில் கேட்டு, தோற்று, மறுபடி கேட்டு வாங்கியது. பதினெட்டு வயதில் வாக்குச்சாவடிக்குப் போகும் ஒருவர் இந்த வரிசையை ஒரு முறையாவது முழுதாகப் படித்திருக்க வேண்டும். அதற்கான நூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டு அச்சாகிக் கிடக்கின்றன. அவற்றைப் பிள்ளைகள் கையில் சேர்ப்பது மட்டுமே நம் வேலை. அதை இன்னும் ஒரு நாங்குநேரி நடந்த பிறகு செய்வதில் பொருளில்லை.